ஜப்பான் கேப்சூல் ஹோட்டலில் ஓர் இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் வசிக்கிறேன். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. வேலை விஷயமாகவோ சுற்றிப் பார்க்கவோ ஊரிலிருந்து வருகிறவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஒருவர், அறைக்குப் பதில் ஓர் ஆள் படுக்கும் அளவுள்ள பெட்டியில் தூங்கும் கேப்சூல் ஹோட்டலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஆளுக்கு ஆள் வாட்ஸாப்பில் பதில் அனுப்புவதைவிட ஓரிடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் அந்தப் பெட்டியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். தூங்கி எழுந்தபின் பெட்டியைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. சாமான், நேரக் கட்டுப்பாடு, சத்தம் இந்த மூன்றும்தான் தெரியாமல் போகிறவர்களைச் சிரமப்படுத்தும். அதனால் அவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

நிஜமாவே பெட்டிக்குள்ளதான் படுக்கணுமா? எவ்வளவு பெருசு இருக்கும்?

ஆமாம், பெட்டிதான். நீளம் சுமார் 2 மீட்டர், அகலமும் உயரமும் சுமார் 1 மீட்டர். உள்ளே சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்காரலாம், எழுந்து நிற்க முடியாது. ரயிலில் அப்பர் பெர்த்தில் படுத்துப் பழகியவர்களுக்கு இது தாராளம் என்றுதான் படும். அங்கே கழுத்தை நிமிர்த்தவே இடம் இருக்காது, இங்கே உட்கார்ந்து சட்டை மாற்றிக்கொள்ளலாம்.

ஃபைபர் பிளாஸ்டிக்கில் வார்த்த கூடு அது. மூலைகள் எல்லாம் வளைவாக இருப்பதால் தூக்கக் கலக்கத்தில் இடித்துக்கொண்டாலும் குத்தாது. மெத்தை, தலையணை, போர்வை இருக்கும். தலைமாட்டில் விளக்கைக் கூட்டிக் குறைக்கும் திருகும், போன் சார்ஜ் போட ஒரு ப்ளக் பாயிண்டும் இருக்கும். பழைய ஹோட்டல்களில் மேல் மூலையில் சின்ன டிவி தொங்கும், புதியவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். கூடுகள் கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு அடுக்காக இருக்கும். மேலே போக ஏணிப்படி. சில இடங்களில் கால்மாட்டு வழியாகத் தவழ்ந்து உள்ளே போக வேண்டும், சில இடங்களில் பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் திறப்பு இருக்கும். லேசாக முட்டி வலி உள்ளவர்கள் பக்கவாட்டுத் திறப்பு உள்ளதாகப் பார்த்து எடுப்பது நல்லது.

உள்ள மூச்சு முட்டாதா? எனக்கு லிஃப்ட்ல நின்னாலே படபடப்பா வரும்.

காற்றுக்குக் குறைவு இருக்காது. வாசலை மூடுவது வெறும் திரைதான், கதவு இல்லை. சுருட்டி இறக்கும் பாய் போன்ற திரை அல்லது துணி. காற்றோட்டத்துக்கு உள்ளே தனித் துவாரமும் பெரும்பாலும் உண்டு. ஏசி மட்டும் அந்தத் தளம் முழுவதற்கும் பொதுவானது, நம் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க முடியாது. குளிர்காலத்தில்கூடச் சில இடங்களில் உள்ளே வெக்கையாக இருக்கும், மெல்லிய பருத்தித் துணியில் தூங்குவது வசதி.

படபடப்பு விஷயம் வேறு. மூடிய இடம் ஆகாது என்று தெரிந்தவர்கள் திரையைப் பாதி திறந்து வைத்து, விளக்கை மங்கலாக எரியவிட்டுப் படுக்கலாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நம் வெளிச்சம் எதிர்க் கூட்டில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்மையாகவே பயம் அதிகமாக உள்ளவர்கள் சோதனை செய்து பார்க்க வேண்டாம். வெளிநாட்டில் ஓர் இரவுத் தூக்கம் போனால் மறுநாளும் போய்விடும்.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு ஆகும்?

சாதாரண நாளில் டோக்கியோ, ஒசாகாவில் 3,000 முதல் 6,000 யென்னுக்குள் கிடைக்கும். சனிக்கிழமை இரவு கூடும். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரிப் பூக்கும் காலம், ஏப்ரல் இறுதியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு இந்த நான்கு சமயங்களிலும் விலை ஏறிவிடும். இடமும் கிடைக்காது. டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் ஜப்பானில் இல்லை.

உள்ளே நுழைஞ்சதுலேர்ந்து என்னென்ன செய்யணும்? வரிசையா சொல்லுங்க.

வாசலில் முதலில் செருப்பு. பல இடங்களில் உள்ளே நுழைந்ததுமே சின்னச் சின்னப் பூட்டுப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஷூவைக் கழற்றி அதில் வைத்துப் பூட்டி, அந்தச் சாவியோடு வரவேற்பு மேசைக்குப் போக வேண்டும். ஷூ பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு லாக்கர் சாவியைக் கொடுப்பார்கள். மறுநாள் இதே மாற்று தலைகீழாக நடக்கும், அதனால் கணக்குத் தீர்க்காமல் யாரும் ஷூ போட்டுக்கொண்டு கிளம்ப முடியாது. ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், நகல் எடுத்துக்கொள்வார்கள். அது சட்டம், பதற வேண்டாம். பணம் பெரும்பாலும் முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும்.

லாக்கர் எண்ணும் கூட்டின் எண்ணும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். சாவி கையில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் வளையத்தோடு வரும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் அதைக் கழற்றாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம், தொலைத்தால் அபராதம் கட்ட வேண்டும். லாக்கருக்குள் துண்டு, பல் துலக்கி, இரவு உடை இருக்கும். அந்த உடையை மாற்றிக்கொண்டால் அப்புறம் கட்டிடம் முழுக்க அதிலேயே சுற்றலாம். எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள்.

இந்த லாக்கர் அறையில் செலவழிக்கும் பத்து நிமிடத்தில்தான் அன்றைய இரவின் அமைதி இருக்கிறது. தூங்கும் தளத்தில் பிளாஸ்டிக் பை ஒன்றைப் பிரித்தால் அந்தச் சரசரப்பு பதினைந்து பேருக்குக் கேட்கும். ஜிப் திறக்கும் சத்தமும் அப்படித்தான். அதனால் சார்ஜர், மாத்திரை, கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில், மறுநாள் காலைக்கு வேண்டியவை எல்லாவற்றையும் லாக்கர் அறையிலேயே பிரித்து ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டு மேலே போங்கள். துணிப் பை சத்தம் போடாது. ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒன்றை மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன்.

எங்கிட்ட ரெண்டு பெரிய பெட்டி இருக்கே, அதை எங்க வைக்கிறது?

இதுதான் பெரிய சிக்கல். லாக்கர் ஒல்லியாக, உயரமாக இருக்கும். ஒரு கோட்டு, ஒரு முதுகுப் பை, ஒரு ஜோடித் துணி வைக்கலாம், அவ்வளவுதான். விமானத்தில் கையில் கொண்டுபோகும் சின்னச் சக்கரப் பெட்டிகூட பல இடங்களில் நுழையாது. பெரிய பெட்டியை வரவேற்பு அருகே ஒரு மூலையில் நிறுத்தி, கம்பிப் பூட்டால் கட்டி வைக்கச் சொல்வார்கள். சில இடங்களில் வாங்கவே மாட்டார்கள். பதிவு செய்வதற்கு முன் இந்த ஒன்றை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ரயில் நிலையத்துக் காசு லாக்கர். பெரிய அளவுக்கு ஒரு நாளைக்கு 700 முதல் 1,000 யென் வரை ஆகும். பலவற்றில் நள்ளிரவு தாண்டினால் இரண்டாம் நாள் கணக்கு, அதையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, தக்யூபின் என்னும் சாமான் அனுப்பும் சேவை. கறுப்புப் பூனை படம் போட்ட யமாத்தோ நிறுவனத்தின் வண்டியைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். டோக்கியோவில் இன்று கொடுத்தால் பெரும்பாலும் நாளை ஒசாகாவில் அடுத்த ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பெட்டியின் அளவைப் பொறுத்து 2,000 யென்னிலிருந்து 3,000 யென் வரை ஆகும். பல கன்வீனியன்ஸ் கடைகளிலேயே கொடுக்கலாம். பயணத்தின் நடுவில் ஓர் இரவு கேப்சூலில் தங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பெட்டி ஒரு பக்கம் போகட்டும், நாம் முதுகுப் பையோடு ஒரு பக்கம் போகலாம்.

கதவுல பூட்டே இல்லைன்னு சொல்றாங்களே, திருட்டுப் போனா யாரைக் கேக்கறது?

பூட்டு இல்லாததற்குக் காரணம் உண்டு. ஜப்பானியச் சட்டப்படி கேப்சூல் ஹோட்டல் என்பது பலர் ஒரு கூடத்தைப் பகிர்ந்து தங்கும் எளிய தங்குமிடம் என்ற வகையில் உரிமம் பெறுகிறது. ஒவ்வொரு கூட்டுக்கும் பூட்டுப் போட்டால் அது தனி அறை என்று ஆகிவிடும். தனி அறைக்கு இவ்வளவு பரப்பு வேண்டும் என்று வேறு விதிகள் உண்டு, இரண்டு சதுர மீட்டர் கூடு அதற்குள் அடங்காது. அதோடு, தீ விபத்து போன்ற சமயத்தில் எல்லாரும் உடனே வெளியேற முடிவதற்கும் திறந்த வாசல்தான் வசதி. ஆக, மலிவு ஹோட்டல் என்பதால் பூட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பணம், பாஸ்போர்ட், மடிக்கணினி மூன்றும் லாக்கரில் இருக்கட்டும். போனை மட்டும் கூட்டுக்குள் எடுத்துப் போங்கள், அதையும் தலையணைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதைகளில் கேமரா இருக்கும். ஜப்பானில் திருட்டு குறைவுதான், அதற்காகக் கண்டபடி போட்டுவிட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை. தங்குகிறவர்களில் பலர் நம்மைப் போலப் பல நாட்டுப் பயணிகள்.

பொண்ணுங்க தனியா தங்கலாமா? அம்மா ரொம்பப் பயப்படறாங்க.

தங்கலாம், ஆனால் பதிவு செய்யும்போது கவனம் வேண்டும். கேப்சூல் ஹோட்டல்கள் ஆண்களுக்காகவே தொடங்கியவை. இன்றும் ஆண்களுக்கு மட்டுமானவை இருக்கின்றன. பெண்களை அனுமதிக்கும் இடங்களில் தனித் தளம், தனிக் குளியலறை, அந்தத் தளத்துக்குப் பெண்களின் அட்டையோ சாவியோ இருந்தால்தான் திறக்கும் கதவு என்று பிரித்திருப்பார்கள். பல இடங்களில் லிஃப்டும் தனி. பெண்களுக்கு மட்டுமான கேப்சூல் ஹோட்டல்களும் உண்டு.

அம்மாவிடம் சொல்ல ஒரு விஷயம்: பூட்டு இல்லையே என்பதைவிட, தளம் தனியா, நுழைவுக்கு அட்டை வேண்டுமா, இரவு முழுக்க வரவேற்பில் ஆள் இருக்கிறார்களா என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் இருக்கும் இடம் என்றால் என் சொந்தத் தங்கையையும் தயங்காமல் அனுப்புவேன். ஒரே குறை, பெரிய குளியல் தொட்டியும், வியர்க்க உட்காரும் சூடான அறையான சானாவும் ஆண்கள் பக்கம் மட்டும் இருந்து, பெண்களுக்கு வெறும் ஷவர் மட்டும் கொடுக்கும் இடங்கள் நிறைய. அதே காசை வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. படங்களை மட்டும் பார்த்து ஏமாறாமல், பெண்கள் தளத்தில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்து எடுங்கள்.

நானும் வீட்டுக்காரரும் ஒரே கேப்சூல்ல படுக்கலாமா? குழந்தையும் கூட இருக்கு.

முடியாது. ஒரு கூட்டுக்கு ஒருவர். கணவன் மனைவியானாலும் அவர் ஆண்கள் தளம், நீங்கள் பெண்கள் தளம். பொது வரவேற்பிலோ ஓய்வறையிலோ மட்டும் சேர்ந்து உட்காரலாம். சின்னக் குழந்தைகளைப் பெரும்பாலான இடங்களில் அனுமதிப்பதில்லை. குடும்பமாக வருகிறவர்கள் இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

எல்லார் முன்னாடியும் துணியில்லாம குளிக்கணுமாமே? வேற வழியே இல்லையா?

பெரிய பொதுக் குளியல் இருக்கும் ஹோட்டல்களில் அப்படித்தான். ஆண்கள் தனி, பெண்கள் தனி. உள்ளாடையோ நீச்சல் உடையோ போட்டுக்கொண்டு தொட்டியில் இறங்கக் கூடாது. கூச்சமாக இருந்தால் தனித்தனி ஷவர் அறைகள் உள்ள ஹோட்டலாகப் பார்த்து எடுங்கள். புதிதாகக் கட்டியவற்றில் பெரும்பாலும் ஷவர்தான்.

பொதுக் குளியலுக்குப் போகிறவர்களுக்கு முறை இது. சுவரோரம் தாழ்வான ஸ்டூல்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குழாய், கைஷவர், சோப்பு, ஷாம்பு. ஸ்டூலில் உட்கார்ந்து தலை முதல் கால் வரை நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை ஒரு சொட்டுகூட இல்லாமல் அலசிய பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டி அழுக்கைப் போக்க அல்ல, உடம்பை ஊறவைக்க. தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் இருக்கும், மெதுவாக இறங்குங்கள். சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, தலையில் மடித்து வைத்துக்கொள்வார்கள். நீளக் கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டு தண்ணீரை மொண்டு ஊற்றினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மேல் தெறிக்கும், நம் ஊர்ப் பழக்கத்தில் கை தானாக அப்படித்தான் போகும், கவனம்.

உடம்பில் பச்சை குத்தியிருந்தால் பொதுக் குளியலில் அனுமதிக்காத இடங்கள் இன்னும் பல உள்ளன. நடந்து பகலெல்லாம் சுற்றிய கால்களுக்கு அந்த வெந்நீர் கொடுக்கும் சுகம் வேறு எதிலும் கிடைக்காது என்பது என் அனுபவம். ஒரு தடவை கூச்சத்தை விட்டுப் பாருங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

உள்ளே சாப்பிடலாமா? நான் சுத்த சைவம்.

கூட்டுக்குள் சாப்பிடக் கூடாது, புகை பிடிக்கவும் கூடாது. சாப்பாட்டுக்கு ஓய்வறை இருக்கும். தானியங்கி விற்பனை இயந்திரம் எல்லா இடத்திலும் உண்டு, வெந்நீரும் மைக்ரோவேவும் பல இடங்களில் கிடைக்கும்.

சைவர்களுக்கு ஜப்பானில் தொல்லை கண்ணுக்குத் தெரியும் இறைச்சியால் வருவதில்லை. சூப்பிலும் சாஸிலும் மீன் சாறு கலந்திருக்கும். கப் நூடுல்ஸில் மேலே காய்கறிப் படம் இருந்தாலும் பொடியில் பன்றி அல்லது கோழிச் சாறு இருக்கக்கூடும். இரவு பத்து மணிக்கு மேல் போய் இறங்குகிறவர்கள் வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல் பாக்கெட் ஒன்றிரண்டை ஊரிலிருந்தே கொண்டுவருவது நிம்மதி. கீழே கன்வீனியன்ஸ் கடையில் வாழைப்பழமும் தயிரும் கிடைக்கும். தயிரில் ஜெலட்டின் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் போனின் மொழிபெயர்ப்புக் கேமராவை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துல யாராவது குறட்டை விட்டா என்ன பண்றது?

விடுவார்கள். அதுவும் ஆண்கள் தளத்தில் நிச்சயம். காதடைப்பான் கொண்டுபோங்கள். வரவேற்பிலும் பெரும்பாலும் கிடைக்கும். சுவரைத் தட்டுவது, எழுப்புவது எல்லாம் கூடாது.

அதைவிட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுப்பது விடியற்காலை நான்கரை, ஐந்து மணிக்கு முதல் ரயிலுக்குக் கிளம்புகிறவர்கள். வாசலுக்கும் ஏணிக்கும் பக்கத்துக் கூடு கிடைத்தால் மாற்றிக் கேட்டுப் பாருங்கள், இடமிருந்தால் கொடுப்பார்கள். நீங்களே குறட்டை விடுகிறவர் என்றால் பக்கவாட்டில் படுங்கள், சாப்பிட்ட உடனே படுக்காதீர்கள். அதற்கு மேல் கவலைப்பட வேண்டாம், இங்கே தங்குகிறவர்கள் எல்லாரும் அதற்குத் தயாராகத்தான் வருகிறார்கள்.

ராத்திரி வீட்டுக்கு போன் பண்ணிப் பேசலாமா? காலைல அலாரம்?

படுக்கும் தளத்தில் பேசக் கூடாது, கிசுகிசுத்தும் கூடாது. ஓய்வறைக்கு வந்துதான் பேச வேண்டும். இந்தியாவும் இலங்கையும் ஜப்பானைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. ஊரில் இரவு ஒன்பதரை மணிக்குச் சாவகாசமாகக் கூப்பிடுவார்கள், இங்கே ஒரு மணி. வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள், போனைச் சத்தமில்லாமல் போட்டுவிடுங்கள். அலாரமும் அதிர்வில் மட்டும் இருக்கட்டும். தலையணைக்கு அடியில் வைத்தால் எழுந்துவிடலாம்.

ப்ளக், ஒய்ஃபை, துணி துவைக்கற வசதியெல்லாம் இருக்கா?

ஒய்ஃபை இருக்கும். மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு கால் ப்ளக். இந்திய, இலங்கை ப்ளக் நுழையாது, மாற்றி ஒன்று கொண்டுவாருங்கள். போன், மடிக்கணினி சார்ஜர்கள் 100 வோல்ட்டில் வேலை செய்யும். காசு போட்டுத் துவைக்கும் இயந்திரம் பல இடங்களில் உண்டு.

மூணு நாள் தொடர்ந்து எடுத்திருக்கேன், ஆனா காலைல பத்து மணிக்கு வெளிய போகச் சொல்றாங்களே, ஏன்?

பலரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான கேப்சூல் ஹோட்டல்களில் எத்தனை நாள் பதிவு செய்திருந்தாலும் காலை பத்து மணி வாக்கில் கூட்டைக் காலி செய்து, சுத்தம் செய்த பிறகு பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு மேல்தான் திரும்ப வர முடியும். சில இடங்களில் லாக்கரையும் காலி செய்ய வேண்டும், மறு இரவு வேறு கூடு கொடுப்பார்கள். பொதுக் குளியலையும் காலையில் ஏதாவது ஒரு நேரத்தில் சுத்தம் செய்ய மூடுவார்கள்.

இது இரவுத் தூக்கத்துக்காகவே அமைத்த இடம். கியோத்தோவில் 2009இல் தொடங்கிய நைன் அவர்ஸ் என்ற நிறுவனம் இதையே கணக்காகச் சொல்கிறது: குளிக்க ஒரு மணி நேரம், தூங்க ஏழு மணி நேரம், கிளம்பத் தயாராக ஒரு மணி நேரம். காய்ச்சல் வந்து பகலில் படுத்திருக்க வேண்டும் என்றாலோ, அறையில் உட்கார்ந்து அலுவலக வேலை பார்க்க வேண்டும் என்றாலோ இது உதவாது. என்னைக் கேட்டால் ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் வேறு இடம் பாருங்கள்.

ஏர்போர்ட்லயே கேப்சூல் இருக்காமே?

இருக்கிறது. நரீத்தா விமான நிலையத்தில் டெர்மினல் 2ஐ ஒட்டிய வண்டி நிறுத்தும் கட்டிடத்தில் மேலே சொன்ன நைன் அவர்ஸ் 2014 முதல் இருக்கிறது. சில மணி நேரம் மட்டும் படுத்து எழுந்து போகவும் அங்கே வசதி உண்டு. நரீத்தா விமான நிலையம் டோக்கியோவிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், இரவு பதினொரு மணிக்கு மேல் வந்து இறங்குகிறவர்களுக்கும் விடியற்காலை விமானம் பிடிக்கிறவர்களுக்கும் இதுதான் சரி. டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேதாவில் ஃபர்ஸ்ட் கேபின் என்ற கேப்சூல் ஹோட்டல் இருப்பது டெர்மினல் 1இல், அது உள்நாட்டு முனையம். பன்னாட்டு விமானங்கள் பெரும்பாலும் டெர்மினல் 3இல் வருகின்றன, இடையே இலவசப் பேருந்து ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி ரயிலை விட்டுட்டேன்னு வச்சுக்கோங்க, பதிவு பண்ணாம நேரா போனா இடம் கொடுப்பாங்களா?

கொடுப்பார்கள், இடம் இருந்தால். இந்த ஹோட்டல்கள் பெருகியதே அதனால்தான். டோக்கியோவில் பெரும்பாலான தடங்களில் நள்ளிரவு தாண்டி, ஒரு மணிக்குள் ரயில்கள் நின்றுவிடும், திரும்ப ஐந்து மணி வாக்கில்தான் ஓடும். இரவு பத்து முதல் காலை ஐந்து வரை டாக்ஸிக்கு 20 சதவீதம் கூடுதல். ஷின்ஜுகுவிலிருந்து யோகோஹாமாவுக்கு டாக்ஸியில் போகும் காசில் இரண்டு இரவு கேப்சூலில் படுக்கலாம். அலுவலகம் முடிந்து குடித்துவிட்டு நேரம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டவர்கள்தான் இவற்றின் பழைய வாடிக்கையாளர்கள். வெள்ளிக்கிழமை இரவு மட்டும் நம்பிப் போகாதீர்கள், பன்னிரண்டு மணிக்கெல்லாம் நிரம்பிவிடும். அளவுக்கு மீறிக் குடித்திருந்தால் உள்ளே விடாத இடங்களும் உண்டு.

டோக்கியோல வட்ட ஜன்னல் வச்சு அடுக்கடுக்கா இருக்குமே, அந்த ஃபேமஸ் கட்டிடத்துல தங்க முடியுமா?

அது நகாகின் கேப்சூல் டவர். கின்ஸா அருகே 1972இல் கட்டினார்கள். 140 கூடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வட்ட ஜன்னல். அது ஹோட்டல் இல்லை, நகரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கான சின்னஞ்சிறு வீடுகள். 2022இல் பிரித்து எடுத்துவிட்டார்கள், இப்போது அங்கே போனால் பார்க்க ஒன்றும் இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே, கட்டிடக் கலைஞர் கிஷோ குரோகவா. உலகின் முதல் கேப்சூல் ஹோட்டலான கேப்சூல் இன் ஒசாகாவை 1979இல் உமேதா பகுதியில் அவர் வடிவமைத்தார். ஒரு சானா நிறுவனம் நடத்தியது அது. வீட்டுக்குப் போக முடியாமல் சானாவின் ஓய்வறையிலேயே இரவைக் கழித்தவர்களுக்கு ஒழுங்காகப் படுக்க இடம் கொடுக்க வந்த யோசனை. கேப்சூல் ஹோட்டல் என்றால் இன்றும் கூடவே பெரிய குளியலும் சானாவும் இருப்பது அந்தப் பிறப்பின் தொடர்ச்சிதான்.

நிலநடுக்கம் வந்தா அந்தப் பொந்துக்குள்ள மாட்டிக்க மாட்டோமா?

மூச்சு முட்டுவது பற்றிய கேள்வியில் சொன்னபடி வாசலில் திரைதான் இருக்கிறது, மாட்டிக்கொள்ள வழியில்லை. லேசான அதிர்வு ஜப்பானில் அடிக்கடி வரும். அப்போது ஏணியில் இறங்காதீர்கள், விழுந்து அடிபடுவதுதான் நடக்கும். தலையணையால் தலையை மறைத்துக்கொண்டு ஆட்டம் நிற்கும்வரை உள்ளேயே இருங்கள். நின்றபின் ஊழியர்கள் சொல்வதைக் கேட்டு, ஓடும் மனிதன் படம் போட்ட பச்சை விளக்குப் பலகையைப் பார்த்துப் படிக்கட்டு வழியாக இறங்குங்கள். லிஃப்ட் வேண்டாம். போய்ச் சேர்ந்த உடனே உங்கள் கூட்டிலிருந்து அந்தப் பச்சைப் பலகை எந்தப் பக்கம் என்று ஒரு தடவை நடந்து பார்த்து வையுங்கள். தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் எண் 119, போலீஸுக்கு 110.

நான் ஆறடி, அப்பாவுக்கு முட்டி வலி. ரெண்டு பேருக்கும் சரிப்படுமா?

உங்களுக்குச் சரிப்படும். ஆறடி என்பது 183 சென்டிமீட்டர், முதல் கேள்வியில் சொன்ன 2 மீட்டர் நீளத்தில் கால் நீட்டலாம். அப்பாவை அழைத்துப்போக வேண்டாம். கீழ்க் கூடு கிடைத்தாலும் தவழ்ந்து உள்ளே போய், திரும்பி, மறுபடி தவழ்ந்து வெளியே வர வேண்டும். கழிவறை நடைபாதையின் கடைசியில் இருக்கும். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போகிறவர்களுக்கு அது தண்டனை.

விசா விண்ணப்பத்துல தங்குமிடம்னு கேப்சூல் ஹோட்டலை எழுதலாமா?

பயண அட்டவணையில் ஒவ்வோர் இரவுக்கும் தங்கும் இடத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்பார்கள். கேப்சூல் ஹோட்டலும் உரிமம் பெற்ற தங்குமிடம்தான், மூன்றும் அதற்கும் உண்டு. முழு முகவரியைப் பதிவுச் சீட்டில் இருப்பதுபோலவே எழுதுங்கள். பயணம் முழுவதற்கும் கேப்சூல் என்று போடாமல், மூன்று நாள் பற்றிய கேள்வியில் சொன்னபடி ஓரிரண்டு இரவோடு நிறுத்துங்கள்.

அதே காசுக்கு ஹாஸ்டல் கிடைக்குதே, இன்னும் கொஞ்சம் போட்டா தனி ரூமே கிடைக்குது. அப்புறம் எதுக்குக் கேப்சூல்?

நியாயமான கேள்வி. ஹாஸ்டலில் நாலு பேரோடு பேசிப் பழகலாம், சமையலறை இருக்கும், பகலிலும் படுத்திருக்கலாம். கேப்சூலில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். தனிமை வேண்டும் என்றால் கேப்சூல், கூட்டம் வேண்டும் என்றால் ஹாஸ்டல். பிசினஸ் ஹோட்டலின் சின்ன அறை டோக்கியோவில் பெரும்பாலும் 8,000 யென்னுக்கு மேல்தான் தொடங்கும். இருவராக வந்தால் அந்த அறையைப் பகிர்வதற்கும் இரண்டு கேப்சூலுக்கும் செலவில் அதிக வித்தியாசம் இருக்காது, யோசிக்காமல் அறையை எடுங்கள்.

தனியாக வருகிறவர், கையில் ஒரு முதுகுப் பை, இரவு பத்து மணிக்குப் போய் காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும், நாளைய ரயில் பக்கத்து நிலையத்தில். அப்படிப்பட்ட இரவுக்குக் கேப்சூலை எடுங்கள். உவேனோ, ஷின்ஜுகு, அகிஹபாரா, ஒசாகாவின் உமேதா, நம்பா என்று பெரிய நிலையங்களை ஒட்டியே இவை இருக்கின்றன. பதிவு செய்யும் முன் சாமான், வெளியேற வேண்டிய நேரம், எந்தத் தளம் யாருக்கு என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள்.